பீதியும் பிடி அரிசியும்

பணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது கௌரவக் குறைவு என்று கருதுகிற வீடுகளில்தான் பணத்தைப் பற்றிய கவலை நிரந்தரமாகக் குடியிருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து சங்கீதம் பேசுவார்கள், அரசியல் பேசுவார்கள், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுவார்கள். மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்பதை மட்டும் புருஷன் மனைவியிடம் சொல்ல மாட்டான். மனைவியும் கேட்க மாட்டாள். இரவில் இருவரும் விழித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். ஒருவர் தூங்கவில்லை என்பது மற்றவருக்குத் தெரியும். தெரிந்ததாக இருவருமே காட்டிக்கொள்வதில்லை.

நான் கதை எழுதுகிறவன். பொருளாதாரம் என் தொழில் அல்ல. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு வருகிற கடிதங்களில் கதையைப் பற்றி இரண்டு வரியும் சொந்தக் கவலையைப் பற்றி இரண்டு பக்கமும் இருப்பது வழக்கம். 'காலம் நிச்சயமில்லாமல் இருக்கிறது. உத்தியோகம் நிலைக்குமா, விலைவாசி எங்கே போய் நிற்கும், போட்டு வைத்த பணம் பத்திரமாகத் திரும்புமா என்று எதுவும் தெரியவில்லை. இந்த நிலைமையில் மனத்தைக் கலங்காமல் வைத்துக்கொள்ள ஏதாவது வழி உண்டா?' என்று கேட்கிறார்கள். மேலுக்குப் பார்த்தால் இது பணத்தைப் பற்றிய கேள்விதான். சற்று யோசித்துப் பார்த்தால் தர்மத்தைப் பற்றிய கேள்வியாகவும் இருக்கிறது. நான் கலங்கினால் அந்தக் கலக்கம் என்னோடு நிற்பதில்லை. அடுத்தவன் வீட்டுக்கும் போய்ச் சேருகிறது. அப்படியானால் கலங்காமல் இருப்பது என் கடமையா? எல்லாரும் ஓடுகிறபோது நான் மட்டும் உட்கார்ந்திருப்பது விவேகமா, அல்லது வெறும் அசட்டுத்தனமா?

அமைதியானவர்கள் என்று நாம் மதிக்கிறவர்களில் இரண்டு தினுசு உண்டு. ஒருவர், கணக்கே பாராதவர். 'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். அவருடைய பங்குக் கவலையையும் சேர்த்து யாரோ ஒருத்தி அடுப்பங்கரையில் பட்டுக்கொண்டிருப்பாள். மற்றவர், ஏராளமாக வைத்திருப்பவர். பத்து மூட்டை நெல் இருக்கிறவன் ஒரு மூட்டை எலிக்குப் போனதை நினைத்துச் சிரிக்க முடியும். இந்த இருவருடைய அமைதியிலும் பெரிய சிறப்பு ஒன்றும் இல்லை. முதல்வருடையது தூக்கம், இரண்டாமவருடையது சௌகரியம். தூங்காமலும், அத்தனை சௌகரியம் இல்லாமலும் ஒரு நடுத்தரக் குடும்பஸ்தன் எப்படி நிதானமாக இருப்பது என்பதுதான் விஷயம்.

பழைய சம்பவம் ஒன்றைப் பார்ப்போம். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, ஒரு திங்கட்கிழமை, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பட்டணத்திலிருந்த பெரிய வெள்ளைக்கார வியாபாரக் கம்பெனிகளில் அது ஒன்று. வியாபாரத்தோடு பாங்கித் தொழிலும் நடத்தியது. சேமித்த பணத்தை அங்கே போட்டு வைத்தால் மலையில் வைத்த மாதிரி என்று ஜனங்கள் நம்பினார்கள். பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்கள், விதவைகள், பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்தவர்கள் எல்லாரும் போட்டார்கள். ஆனால் லண்டனில் இருந்த கூட்டாளி ஊக வியாபாரத்தில் இறங்கி எக்கச்சக்கமாக நஷ்டப்பட்டிருந்தார். அதே மாதத்தில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கே கம்பெனித் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டின் மேல் வழக்கு நடந்து, அவருக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. தலைவர் சிறைக்குப் போனார். பணம் போனது போனதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த விதவைகளும் பென்ஷன்காரர்களும் பூரண அமைதியோடு தூங்கியிருப்பார்கள். அவர்களுக்கு அமைதி குறைவாக இருந்ததால் நஷ்டம் வரவில்லை. அந்த அமைதிக்கு ஒரு பெயரின்மேல் வைத்த நம்பிக்கையைத் தவிர வேறு ஆதாரம் இல்லாததுதான் குற்றம். வீட்டு அரிசி முழுவதையும் ஒரே பானையில் கொட்டிவிட்டு, பானை செய்த குயவன் கெட்டிக்காரன் என்று நிம்மதியாக இருந்தார்கள். பானை உடைந்தபோது மறுநாள் உலைக்கு அரிசி இல்லை.

அதே இடிபாட்டில் வேறு வகையான நிதானமும் தெரிந்தது. அந்த வழக்கில் பணம் இழந்தவர்களுக்காகப் பாடுபட்ட வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் வேறு சிலரும், நம்மவர்களே நடத்துகிற ஒரு பாங்கி வேண்டும் என்று முனைந்தார்கள். அர்பத்நாட் விழுந்து ஐந்து மாதத்துக்குள், 1907 மார்ச்சில், இந்தியன் பாங்க் பதிவாயிற்று; அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி தொழில் தொடங்கிற்று. ஊர் முழுவதும் 'பாங்கியை நம்பாதே' என்று பேசிக்கொண்டிருந்த சமயத்தில், ஜனங்களிடம் போய்ப் பங்கு வாங்கச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! பயம் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்திருக்கும். ஆனால் பயத்தைக் கையில் பிடித்து ஒரு வேலையில் பூட்டிவிட்டார்கள்.

பாங்கி விழுகிறது என்றால் எப்படி விழுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் போடுகிற பணத்தை எந்தப் பாங்கியும் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு பங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பாக்கியைக் கடனாகக் கொடுக்கிறது. வீடு கட்டுகிறவனும் கடை வைக்கிறவனும் அதை வாங்கிக்கொண்டு போய், வருஷக் கணக்கில் திருப்பிக் கட்டுகிறார்கள். தினமும் நூற்றில் இரண்டு பேர் வந்து பணம் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். நூறு பேரும் ஒரே நாளில் வந்து நின்றால், மோசடி என்பதே அறியாத பாங்கிகூடக் கையை விரிக்க வேண்டியதுதான். 'பாங்கி விழப் போகிறது' என்ற வதந்தி பொய்யாகவே இருக்கலாம். எல்லாரும் அதை நம்பி ஓடினால் அன்று மாலைக்குள் அது நிஜமாகிவிடும். அமெரிக்காவில் டைமண்ட், டிப்விக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1983-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2022-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த வருஷமே அவர்கள் நாட்டில் அதற்கு ஓர் உதாரணமும் கிடைத்தது. 2023 மார்ச் 9-ஆம் தேதி ஒரே நாளில், ஸிலிக்கன் வாலி பாங்க் என்ற பாங்கியிலிருந்து 4,200 கோடி டாலரை எடுக்க ஜனங்கள் முயன்றார்கள். மறுநாள் பாங்கி மூடப்பட்டது. அந்தப் பாங்கியின் கணக்கில் கோளாறு இருந்தது வாஸ்தவம். ஆனால் கோளாறு கொல்வதற்கு முன்னால் அவசரம் கொன்றுவிட்டது. அந்தக் காலத்தில் வரிசையில் நிற்பதற்குள் கால் வலித்துச் சிலராவது வீட்டுக்குத் திரும்புவார்கள். இப்போது படுக்கையில் இருந்தபடியே டெலிபோனில் பணத்தை எடுத்துவிடலாம். பீதிக்குக் கால்வலிகூட இல்லாமல் போய்விட்டது.

இனி, தர்ம சங்கடத்துக்கு வருவோம். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் இரண்டு உபாத்தியாயர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே சம்பளம், ஆளுக்கு இரண்டு குழந்தைகள். ஒரு நாள் மத்தியான்னம் டீ குடிக்கிற நேரத்தில், ஊரிலுள்ள ஒரு பாங்கியைப் பற்றிச் செய்தி வருகிறது. முதல் உபாத்தியாயர் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடுகிறார். பெண்ணின் கல்யாணப் பணம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தம் பணத்தை அவர் எடுத்துவிட்டால், வரிசையில் கடைசியில் நிற்கும் யாரோ ஒரு கிழவிக்கு அது கிடைக்காமல் போகலாம். எடுக்காவிட்டால் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகலாம். இரண்டாம் உபாத்தியாயர் டீயைக் குடித்து முடித்துவிட்டு ஐந்தாவது பீரியடுக்குப் போகிறார். அவருக்கும் அந்தப் பாங்கியில் பணம் உண்டு. ஆனால் மொத்தத்தில் அது ஒரு பங்குதான். மறு பங்கு தபாலாபீஸில் இருக்கிறது. வேறொரு பங்கு வேறிடத்தில் இருக்கிறது.

முதல்வரை சுயநலக்காரர் என்றும் இரண்டாமவரை உத்தமர் என்றும் தீர்ப்புச் சொல்வது சுலபம். கதையில் இப்படி எழுதினால் வாசகர்கள் ஒப்புக்கொள்ளவும் கூடும். ஆனால் அது நியாயமல்ல. முதல்வர் ஓடாமல் என்ன செய்வார்? பெற்றவன் பெண்ணுக்காக ஓடுவதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நா எழாது. இரண்டாமவரும் பிறவியிலேயே தீரர் அல்லர். மூன்று வருஷங்களுக்கு முன்னால், எந்த வதந்தியும் இல்லாத ஒரு சாதாரண நாளில், பணத்தை மூன்றாகப் பிரித்து வைத்தார் பாருங்கள், அன்றைக்கே அவருடைய இன்றைய நிதானம் முடிவாகிவிட்டது. ஆபத்து வந்த பிறகு ஒருவனைப் பார்த்து 'அமைதியாக இரு' என்று உபதேசம் செய்வது, வெள்ளத்தில் போகிறவனுக்கு நீச்சல் பாடம் நடத்துகிற மாதிரிதான். நிதானத்தை நாம் ஒரு மனோபாவம் என்று எண்ணி, மனத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது முன்கூட்டியே செய்து வைத்த ஓர் ஏற்பாடு.

நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அதற்குப் பிடி அரிசி என்று பெயர். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு வேளைக்கு மாதத்தில் 3 கிலோ ஆகிறது. அந்த ஒரு பிடி குறைந்ததனால் யாருக்கும் பசி தீராமல் போகாது. ஆனால் மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரன் முகத்தைச் சுளித்தால், அந்தப் பானை நாலு நாளைக்குத் தாங்கும். இதில் இன்னொரு நயமும் உண்டு. அநேக ஊர்களில் பிடி அரிசியை வீட்டுக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் கொடுத்தார்கள். வாசலில் வந்து நின்றவனுக்கும் அதிலிருந்துதான் போட்டார்கள். தனக்கு ஆபத்தில் உதவுவதும் பிறத்தியாருக்கு ஆபத்தில் உதவுவதும் ஒரே பானையிலிருந்து வந்தன. சேமிப்பு ஒரு குணம், தர்மம் வேறொரு குணம், ஒன்று வளர்ந்தால் மற்றொன்று தேயும் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் அப்படி நினைக்கவில்லை. கையில் ஒரு பிடி மிச்சம் இருக்கிறவன்தான் கலங்காமல் இருக்க முடியும். கலங்காதவன்தான் கொடுக்க முடியும்.

வரவு செலவைப் பற்றிய குறள்கள் சிலவற்றை வள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அரசன் தன் பலத்தையும் பகைவன் பலத்தையும் எடை போட வேண்டிய அந்த இடத்தில், வருகிற வழியையும் போகிற வழியையும் பற்றிய பேச்சு எதற்கு என்று பள்ளிப் பிராயத்தில் எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனத்தைச் சேர்ந்தது அல்ல. தன் பலம் எவ்வளவு என்று அறிவதைச் சேர்ந்தது. எவ்வளவு தாங்கும் என்று தெரியாதவன்தான் எதற்கெடுத்தாலும் நடுங்குவான்.

ஆகவே முதற்காரியமாக ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் செலவுகளை மூன்று பத்தியாக எழுதிப் பார்க்கலாம். இல்லாமல் முடியாதது ஒன்று. தள்ளிப் போடக்கூடியது ஒன்று. ஊருக்காகச் செய்வது ஒன்று. வாடகை, அரிசி, பால், மருந்து, பள்ளிக்கூடச் சம்பளம், கடன் தவணை ஆகியவை முதல் பத்தியில் வரும். மூன்றாவது பத்தியை எழுதும்போது புருஷனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது நல்லது; தனியாக எழுதினால் ஒருவர் செலவை மற்றவர் அந்தப் பத்தியில் தள்ளிவிடுவார். முதல் பத்தியின் கூட்டுத்தொகை மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 1,80,000 ரூபாய். மாதம் 3,000 ரூபாய் ஒதுக்க முடிகிற குடும்பத்துக்கு இது சேர ஐந்து வருஷம் ஆகும். மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வருஷக் கடைசியிலேயே ஒரு மாதச் செலவுக்கு மேல் கையில் இருக்கும். ஒரு மாதச் செலவு கையில் இருக்கிற வீட்டுக்கும் ஒன்றுமே இல்லாத வீட்டுக்கும் உள்ள தூரம், ஆறு மாதத்துக்கும் ஒரு மாதத்துக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது. இது கணிதத்துக்கு ஒவ்வாது. குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

'முழுக்க முழுக்கப் பத்திரமான இடம் எது? அதைச் சொல்லுங்கள், அங்கே போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறேன்' என்று சிலர் கேட்பார்கள். இந்தத் தேடலே பாதிக் கலக்கத்துக்குக் காரணம். தங்கம் என்பார்கள். 1963-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு உத்தரவு, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக்கூடாது என்றது. தட்டார் தொழிலை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. கைப்பணம் என்பார்கள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது; புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் அவை ஏறக்குறைய 86 சதவிகிதம். வீட்டுப் பெண்கள் கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் வருஷக் கணக்காகச் சேர்த்த சிறுவாடு மறுநாள் காலையில் வெளியே வந்தது. அது வெளியே வந்தபோது சில வீடுகளில் பரிகாசம் நடந்தது. சில வீடுகளில் சண்டை நடந்தது. 'எனக்குத் தெரியாமலா?' என்று கேட்ட புருஷர்களில் எத்தனை பேர், 'நீ ஏன் இதை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது?' என்று கேட்டிருப்பார்கள்! பணத்தை மடக்கி வைத்தால் மட்டும் அது அப்படியே இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. விலைவாசி வருஷம் 6 சதவிகிதம் ஏறினால், இன்றைக்கு நூறு ரூபாய்க்கு வாங்குகிறதில் பாதியைத்தான் 12 வருஷம் கழித்து வாங்க முடியும். திருடன் வராத வீட்டிலும் பணம் கரைகிறது. எனவே குறையே இல்லாத பானை என்று ஒன்று கிடையாது. ஒன்று உடைந்தால் மற்றது இருக்கும்படி இரண்டு மூன்று பானைகள் வைத்துக்கொள்வதுதான் மனிதனால் ஆகிற காரியம். அதை ஒப்புக்கொண்டுவிட்டால் பாதி மனச் சஞ்சலம் தீர்ந்துபோகும்.

பேராசை பயத்தின் வேஷத்தில் வருவதும் உண்டு. 'விலைவாசி இப்படி ஏறுகிறதே, பாங்கி வட்டி எந்த மூலைக்கு?' என்று கவலைப்படுகிறவரிடம்தான், அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வட்டி தருவதாக ஒருவன் வந்து நிற்பான். 1990-களில் தமிழ்நாட்டில் பைனான்ஸ் கம்பெனிகள் புற்றீசல் மாதிரி கிளம்பி, டெபாஸிட் போட்டவர்களின் கண்ணீரோடு மறைந்தன. அதன் விளைவாகத்தான் டெபாஸிட்தாரர்களைப் பாதுகாக்க 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஊரில் எல்லாரும் கொடுப்பதைவிட ஒருவன் அதிகம் கொடுக்கிறான் என்றால், அந்த அதிகப்படி நம் தைரியத்துக்கு அவன் கொடுக்கிற கூலி. அந்தக் கூலிக்கு வேலை செய்ய நமக்குத் திராணி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பத்திரிகையில் பயங்கரச் செய்தி வந்த அன்றும், அண்டை வீட்டார் பெரிய லாபம் சொன்ன அன்றும் எந்த முடிவுக்கும் வராமல், மூன்று இரவு தூங்கி எழுந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒரு நியமம் வைத்துக்கொண்டால், நம்மை ஏமாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாவது நாளே வேறு வீடு பார்த்துப் போய்விடுவார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் மிச்சம் பிடிக்க வழி உள்ளவர்களுக்கு. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்கிறவனுக்கு என்ன சொல்வது? அவனிடம் போய்ப் பிடி அரிசியைப் பற்றிப் பேசுவது பாவம். அவனுடைய பானையில் பிடியே இல்லை. காலையில் கடன் வாங்கிக் காய்கறி எடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பித் தருகிற கூடைக்காரியிடம் நிதானத்தை உபதேசிக்க யாருக்கும் யோக்கியதை கிடையாது. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருந்தும் அவள் அந்த வாசலுக்குத்தான் போகிறாள் என்றால், வேறு வாசல் அவளுக்குத் திறக்கவில்லை என்று அர்த்தம். அவளுடைய நிதானத்தை அவள் ஒருத்தியால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. சமூகம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

அப்படி உண்டாக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்க் மூடப்பட்டது. எத்தனையோ சிறு சேமிப்புக்காரர்கள் தவித்தார்கள். அதன் பிறகு சட்டம் இயற்றி, 1962 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து பாங்கி டெபாஸிட்டுகளுக்கு இன்ஷ்யூரன்ஸ் ஏற்பாடு செய்தார்கள். பாங்கி விழுந்தாலும் ஆளுக்கு 1,500 ரூபாய் வரையில் கிடைக்கும் என்பது அன்றைய விதி. அது படிப்படியாக உயர்ந்து 1993-ல் ஒரு லட்சமாயிற்று. 2020-ல் ஐந்து லட்சமாயிற்று. ஒரு பாங்கியில் ஒருவருக்கு உள்ள டெபாஸிட்டுகள் எல்லாம் சேர்த்து, வட்டியும் உட்பட, இந்த அளவு. இதற்குரிய பிரீமியத்தைப் பாங்கிகளே கட்டுகின்றன. பைனான்ஸ் கம்பெனிக்கும் சீட்டுக்கும் நகைக்கடைக்காரரின் சேமிப்புத் திட்டத்துக்கும் இந்தப் பாதுகாப்புக் கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யோசித்துப் பார்த்தால் இதுவும் பிடி அரிசிதான். நல்ல நாளில் ஒவ்வொரு பாங்கியும் ஒரு பிடி எடுத்துப் பொதுப் பானையில் போடுகிறது. அந்தப் பானை இருப்பதால் நம் உபாத்தியாயர் அரை நாள் லீவு போட்டு ஓடவேண்டிய அவசியம் குறைகிறது. அவர் ஓடாததால் கிழவியின் பணம் பிழைக்கிறது. தனி மனிதனின் தைரியத்தை நம்பி நடத்த முடியாத ஒரு தர்மத்தைச் சட்டம் நடத்திக் கொடுக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் சட்டம் நடத்திக் கொடுக்காது. 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அவகாசம் நாலு மணி நேரம். பத்துக் கிலோ அரிசி போதும் என்கிற வீட்டார் இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கையில் பணம் உள்ளவன் முதலில் போனான். அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தவன் கடைசியில் வந்தான். காலி அலமாரியைப் பார்த்தான். மூட்டை தூக்கியவர்கள் கெட்டவர்கள் அல்லர். வீட்டில் எத்தனை படி அரிசி இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும் என்று எண்ணிப் பாராதவர்கள். எண்ணியிருந்தால் பாதிப் பேருக்கு அன்று இரவு கடைக்குப் போகவேண்டிய தேவையே இருந்திராது.

அடுத்த வாரம் அதைவிடக் கடினமான பரீட்சை வந்தது. வீட்டு வேலை செய்கிற அம்மாளை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. அவள் சம்பளத்தை என்ன செய்வது? சில வீடுகளில் மாதம் பிறந்ததும் வழக்கம்போல் கொடுத்தார்கள். பல வீடுகளில், 'வேலை செய்யாத மாதத்துக்குச் சம்பளம் எதற்கு? நமக்கே நாளைக்கு என்ன ஆகுமோ!' என்று நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னவர்களில் அநேகருக்கு மாதச் சம்பளம் குறையாமல் வந்துகொண்டிருந்தது. அவர்களுடைய பயம் நிஜம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு உரிய நஷ்டத்தை அவர்கள் படவில்லை, அவள் பட்டாள். நிச்சயமில்லாத காலத்தில் நாம் செய்கிற முதல் சிக்கனம் பெரும்பாலும் நம்மைவிட எளியவர்களின் வயிற்றில்தான் நடக்கிறது. பத்திரிகையை நிறுத்துவதற்கு முன்னால், ஹோட்டலை நிறுத்துவதற்கு முன்னால், துணி தேய்க்கிறவனை நிறுத்துகிறோம்.

ஆகவே அந்த நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி எழுதும்போது ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பேன். வேலைக்கார அம்மாளின் சம்பளத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? 'தள்ளிப் போடக்கூடியது' என்ற பத்தியில் எழுதினால் நமக்குச் சில ஆயிரம் மிஞ்சும். ஆனால் நம் நோட்டில் இரண்டாவது பத்தியில் இருக்கிற தொகை, அவள் வீட்டுக் கணக்கில் முதல் பத்தியில் இருக்கிறது. அவள் வீட்டு வாடகையும் அரிசியும் அதுதான். அதை நம் நோட்டிலும் முதல் பத்தியில், வாடகைக்கும் அரிசிக்கும் பக்கத்திலேயே எழுதிவிட்டு, ஆறு மாதக் கணக்கைக் கூட்டும்போது அதையும் சேர்த்துக் கூட்டுகிற குடும்பத்துக்குப் பானை நிரம்ப இன்னும் சில மாதம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

அமைதியாக இருப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வருங்காலம் என்ன கொண்டுவரும் என்று எனக்கும் தெரியாது. சொல்வதாக வருகிறவர்களையும் நான் நம்புவதில்லை. காலம் எப்போதுமே நிச்சயமில்லாமல்தான் இருந்திருக்கிறது. 1906-லும் அப்படித்தான், 2020-லும் அப்படித்தான். கலக்கம் இல்லாத நாளில் கணக்கை எழுதி, பானைகளைப் பிரித்து, ஒரு பிடியை ஒதுக்கி வைத்தவன், கலக்கம் வந்த நாளில் அடுத்தவனை இடித்துத் தள்ளாமல் வரிசையில் நிற்க முடியும். வேண்டுமானால் தனக்குப் பின்னால் நிற்கிற கிழவியை முன்னே விடவும் முடியும். அப்படி விட முடிகிறதா என்பதை வைத்துத்தான் அவனுடைய அமைதி எவ்வளவு பெறும் என்று நான் மதிப்பிடுவேன்.